எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள்: ஐ.சி.பி.-எம்.எஸ். பிளாஸ்மாவைச் சரிசெய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கரைசலை ஆர்கான் பிளாஸ்மாவில் அயனியாக்கி, அந்த அயனிகளை நிறைவாரியாக எண்ணி, எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் கருவி ஐ.சி.பி.-எம்.எஸ். அது முதன்முதலில் என் பொறுப்பில் வந்தபோது, திரையில் இண்டியத்தின் எண்ணிக்கை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்று நம்பினேன். கரைசலை நுண்துளிகளாகத் தெளிக்கும் நெபுலைசரின் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அன்று மாலை மிகுந்த மனநிறைவோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் உப்பு மிகுந்த மாதிரிகளை ஓட்டியபோது, இரண்டு மணி நேரத்துக்குள் உள்நியமம் (ஒப்பிட்டுப் பார்க்க எல்லாக் கரைசல்களிலும் ஒரே அளவு சேர்க்கும் தனிமம்) பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. பாறைக் கரைசல்களில் நம்ப முடியாத அளவுக்கு யூரோப்பியம் தென்பட்டது. பிளாஸ்மாவிலிருந்து அயனிகளை உள்ளே எடுக்கும் கூம்பைக் கழற்றிப் பார்த்தால் துளையைச் சுற்றி வெள்ளைப் படிவு. லென்ஸ், டிடெக்டர், பம்ப் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் பார்த்தால், குற்றவாளி நான் ஆசையாக ஏற்றிவைத்த அந்த ஒற்றை எண்தான்.

அந்த மூன்று மாதம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கருவியின் சாவி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது, கையேட்டைப் பாதி படித்திருக்கிறீர்கள், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றால் இது உங்களுக்கானது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நெபுலைசரிலிருந்து வரும் நுண்துளி பிளாஸ்மாவுக்குள் போய் முதலில் காய்கிறது. காய்ந்த துகள் ஆவியாகிறது. ஆவி அணுக்களாகப் பிரிகிறது. அணு ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது. இவ்வளவும் சில மில்லிவினாடிகளில் நடந்து முடிகின்றன. கூம்பின் துளை ஏறக்குறைய 1 மி.மீ. அகலம், அது ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது. அந்த இடத்துக்கு வரும்போது துளி எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதைத்தான் கருவி உறிஞ்சிக்கொள்கிறது. பாதி காய்ந்த துளி வந்தால் அதையும் உறிஞ்சும், உடையாத ஆக்சைடு வந்தால் அதையும் உறிஞ்சும். கருவியில் பிளாஸ்மா தொடர்பாக நீங்கள் மாற்றும் எண்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டத்தைத் துளைக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளுபவைதான்.

1. முதலில் காகிதங்களைத் தேடி எடுங்கள்

அலுப்பான வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு அதிகம் புலம்புகிறார்கள், என்னையும் சேர்த்து.

முதலாவது, கருவியை நிறுவியபோது கொடுத்த செயல்திறன் அறிக்கை. புதிய கூம்பு, புதிய டார்ச் (பிளாஸ்மா எரியும் குழாய்), அயனிகளைக் குவிக்கும் லென்ஸ் சுத்தமாக, ஆகியவற்றோடு அந்தக் கருவி என்ன தந்தது என்பது அதில் இருக்கும். ஆக்சைடு விகிதம், இரட்டை மின்னூட்ட விகிதம் (இரண்டும் என்ன என்று 6-ஆம் பகுதியில் சொல்கிறேன்), பின்புல எண்ணிக்கை, இரு கூம்புகளுக்கு இடையிலுள்ள தொடர்பு அறையின் அழுத்தம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கருவியின் மேல் ஒட்டுங்கள். உங்கள் கருவியை ஒப்பிட வேண்டியது அதன் இளமையோடுதான், அடுத்த ஆய்வகத்தின் கருவியோடு அல்ல.

இரண்டாவது, டியூனிங் கரைசலின், அதாவது கருவியைச் சரிசெய்யப் பயன்படும் கரைசலின், சான்றிதழ். அதில் எந்தெந்தத் தனிமங்கள், என்ன செறிவு, எந்த அமிலம், எப்போது காலாவதி என்று பாருங்கள். சீரியமும் பேரியமும் இருக்கின்றனவா என்று குறிப்பாகப் பாருங்கள். இரண்டும் இல்லாத கரைசலை வைத்து எண்ணிக்கையைச் சரிபார்க்கலாமே தவிர, பிளாஸ்மாவைச் சரிபார்க்க முடியாது.

மூன்றாவது, பதிவேடு. கணினியில் எல்லாம் பதிவாகிறதே என்று நினைக்காதீர்கள். கூம்பு மாற்றிய தேதி, பம்ப் குழாய் மாற்றிய தேதி, ஆர்கான் மாற்றிய நேரம், டார்ச்சைக் கழற்றியது, இவை எதுவும் கணினிக்குத் தெரியாது. தரச்சான்று பெற்ற ஆய்வகமாக இருந்தால் தணிக்கையாளர் முதலில் கேட்பதும் இந்த நோட்டைத்தான்.

2. ஆர்கான் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்

அன்றாடச் செலவில் ஆர்கானுக்கு எப்போதும் முன்வரிசை உண்டு. டார்ச்சின் வெளிக்குழாயில் ஓடும் குளிர்ப்பு வாயு நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர். துணை வாயு 1 லிட்டர். நெபுலைசர் வாயு 1 லிட்டர். ஆக மொத்தம் 17 லிட்டர். 50 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரை 200 பார் வரை நிரப்பினால் அதில் ஏறக்குறைய 10,000 லிட்டர் வாயு இருக்கும். வகுத்துப் பார்த்தால் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அழுத்தம் ஓரளவுக்குக் கீழே போனால் கருவி தானே அணைந்துவிடும் என்பதால் கடைசித் துளி வரை பயன்படுத்த முடியாது. ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சூடேறுவதற்கும் டியூனிங்குக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

திரவ ஆர்கான் ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 840 லிட்டர் வாயு கிடைக்கும். அதாவது ஒரு லிட்டர் திரவத்துக்குப் பிளாஸ்மா ஐம்பது நிமிடம் எரியும். தினமும் கருவியை ஓட்டுகிறவர்களுக்குத் திரவம்தான் கட்டுப்படியாகும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: கலனைத் தொடாமல் வைத்திருந்தாலும் ஆர்கான் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். காசு காற்றில் போகிறது என்பது இங்கே வெறும் சொல்வழக்கு அல்ல.

பொறி: மாதிரிகள் நடுவில் இருக்கும்போது சிலிண்டர் தீர்ந்தால், புதியது மாட்டிய பிறகு பழைய அளவுத்திருத்தத்தோடு தொடராதீர்கள். பிளாஸ்மா அணைந்து எரிந்தால் பழைய பிளாஸ்மா திரும்பி வருவதில்லை. மறுபடி சூடாக்கி, மறுபடி சரிபார்த்து, மறுபடி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.

3. பற்றவையுங்கள், பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்

பிளாஸ்மா பற்றியவுடன் திரையில் எண்கள் ஓடத் தொடங்கும். தொடாதீர்கள். டார்ச், கூம்பு, பெரிய துளிகளை வடித்துவிடும் தெளிப்பு அறை, பிளாஸ்மாவுக்கு மின்திறன் தரும் மின்னாக்கி எல்லாம் வெப்பச் சமநிலைக்கு வர அரை மணி நேரமாவது ஆகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 200.8 என்ற முறையும் குறைந்தது 30 நிமிடம் என்றுதான் சொல்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் டியூனிங் செய்தவருக்கு நாற்பதாவது நிமிடத்தில் வேறொரு கருவி கிடைக்கும். அந்த நேரத்தில் 1 அல்லது 2 சதவீத நைட்ரிக் அமிலம் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

பற்றவே இல்லையென்றாலும் பற்றிச் சில நொடிகளில் அணைந்தாலும் முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள். நெபுலைசர் இணைப்பு, தெளிப்பு அறையின் வளையம், டார்ச்சின் அடிப்பகுதி, கழிவுக் குழாய் என்ற வரிசையில் பாருங்கள். கழுவிய டார்ச்சை ஈரத்தோடு மாட்டியதும் காரணமாக இருக்கலாம். மின்னாக்கியைச் சந்தேகிப்பது கடைசி வேலை. பார்வைச் சாளரத்தின் கறுப்புக் கண்ணாடி வழியாக மட்டும் பிளாஸ்மாவைப் பாருங்கள். புற ஊதாக் கதிர் கண்ணுக்கு ஆகாது.

4. டார்ச்சை நடுவில் கொண்டுவாருங்கள்

கிடைமட்டம், செங்குத்து இரண்டிலும் டார்ச்சைச் சிறு படிகளாக நகர்த்தி எண்ணிக்கை உச்சத்தில் நிறுத்துங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் எண்ணிக்கையைத் துரத்தலாம். ஏனென்றால் மாதிரி செல்லும் நடு ஓடையும் கூம்பின் துளையும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதுதான் இங்கே கேள்வி. டார்ச்சையோ கூம்பையோ கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். தானியங்கி முறையில் இரண்டு மூன்று நிமிட வேலை.

5. மின்திறனை முதலில் முடிவு செய்து, மறந்துவிடுங்கள்

பொதுவான பகுப்பாய்வுக்கு 1500 முதல் 1600 வாட். இதை ஒருமுறை வைத்தபின் தினமும் தொடத் தேவையில்லை.

ஏன் இவ்வளவு? ஆர்கானின் அயனியாக்க ஆற்றல் 15.76 எலக்ட்ரான் வோல்ட். அதைவிட நன்றாகக் குறைந்த ஆற்றல் தேவைப்படும் தனிமங்கள் எளிதில் அயனியாகின்றன. 8 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உள்ளவை வழக்கமான பிளாஸ்மாவில் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல் அயனியாகிவிடும். சோடியம், இரும்பு, ஈயம், யுரேனியம் எல்லாம் அந்தக் கூட்டம். தொல்லை 9-க்கு மேலே தொடங்குகிறது: துத்தநாகம் 9.39, செலினியம் 9.75, ஆர்செனிக் 9.79, பாதரசம் 10.44. ஆர்செனிக் ஏறக்குறைய பாதியும் செலினியம் மூன்றில் ஒரு பங்கும்தான் அயனியாகின்றன. பிளாஸ்மா சற்றுக் குளிர்ந்தாலும் முதலில் அடிவாங்குபவை இவைதான். ஈயம் அசைந்தே கொடுக்காது. ஈயம் சரியாக வருகிறது, ஆகவே கருவி நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கு வராதீர்கள். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஈயம் ஒரே முகத்தைத்தான் காட்டும்.

6. நெபுலைசர் வாயு: மூன்று மாதம் விழுங்கிய எண்

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

நெபுலைசர் வாயு மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. திரவத்தைத் துளிகளாக உடைக்கிறது. அவற்றைப் பிளாஸ்மாவின் நடுவே தள்ளுகிறது. தள்ளும்போது நடு ஓடையைக் குளிரவும் வைக்கிறது. வாயுவைக் கூட்டினால் அதிகத் துளிகள் உள்ளே போகின்றன. அதனால் எண்ணிக்கை ஏறுகிறது. ஆனால் அவை வேகமாகவும் போகின்றன, ஓடையும் குளிர்கிறது. அயனியாகும் இடம் கூம்பை நோக்கி நகர்ந்துகொண்டே வருகிறது. ஓரளவுக்கு மேல் துளையின் வாசலிலேயே ஆக்சைடுகள் உடையாமல் நிற்கின்றன. எண்ணிக்கையின் உச்சம் பெரும்பாலும் இந்த ஆபத்தான இடத்துக்கு மிக அருகில்தான் இருக்கும். பொறியே இதுதான்.

அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சீரியத்தைப் பாருங்கள். சீரியமும் ஆக்சிஜனும் பிணையும் வலிமை சுமார் 8 எலக்ட்ரான் வோல்ட். உலோக ஆக்சைடுகளில் மிகவும் பிடிவாதமானவற்றுள் ஒன்று. அதையே உடைக்கும் பிளாஸ்மா மற்றவற்றையும் உடைக்கும். நிறை 156-இல் வரும் சீரியம் ஆக்சைடை 140-இல் வரும் சீரியத்தால் வகுத்தால் கிடைப்பது ஆக்சைடு விகிதம். கருவி நிறையை மின்னூட்டத்தால் வகுத்தே பார்ப்பதால், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த சீரியம் 70-இல் வரும். அதன் எண்ணிக்கையை 140-இல் வரும் எண்ணிக்கையால் வகுத்தால் இரட்டை மின்னூட்ட விகிதம். வாயு கூடினால் முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். ஏற்றப்பலகையின் இரு முனைகள் போல.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு முற்பகல் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம் போதும், ஆனால் அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

குறுக்கிடும் மூலக்கூறு அயனிகளை வாயுவால் தடுக்கும் மோதல் அறையில் வாயு இல்லாத நிலைக்குக் கருவியைக் கொண்டுவாருங்கள். ஹீலியம் ஓடும்போது பெரிய மூலக்கூறு அயனிகள் அதிகம் தடுக்கப்படுவதால் ஆக்சைடு விகிதம் உண்மையைவிட அழகாகத் தெரியும். பிளாஸ்மா எப்படி இருக்கிறது என்று கேட்டால் அறை பொய் சொல்லும்.

லென்ஸ் அளவுகளைத் தொடாதீர்கள். பிளாஸ்மாவையும் லென்ஸையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதனால் மாறியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கோபால்ட், இண்டியம், பேரியம், சீரியம், யுரேனியம் கொண்ட கரைசலை ஓடவிடுங்கள். நெபுலைசர் வாயுவை நிமிடத்துக்கு 0.80 லிட்டரில் தொடங்கி 0.02 படியாக 1.20 வரை கொண்டுபோங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் காத்திருந்து எல்லா எண்ணிக்கைகளையும் இரண்டு விகிதங்களையும் எழுதுங்கள். பிறகு வரைபடம் போடுங்கள்.

இண்டியம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். கோபால்ட்டும் யுரேனியமும் அதே வாயு அளவில் உச்சம் தொட வேண்டியதில்லை. ஆக்சைடு விகிதம் முதலில் தரையோடு தரையாகக் கிடந்து, ஓரிடத்தில் சட்டென்று செங்குத்தாக எழும்பும். எழும்பத் தொடங்கும் அந்த முழங்காலுக்கு இடப்பக்கம் நில்லுங்கள். ஆக்சைடு 1.5 சதவீதத்துக்குக் கீழ், உப்பு மிகுந்த மாதிரி என்றால் 1 சதவீதத்துக்குக் கீழ். இரட்டை மின்னூட்டம் 3 சதவீதத்துக்குக் கீழ். இதற்காக உச்ச எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக் கூட இழக்க நேரலாம். இழங்கள். எனக்கும் முதலில் மனம் வரவில்லை.

உங்கள் முழங்கால் எந்த எண்ணில் வரும் என்பது நெபுலைசரையும் டார்ச்சின் உட்குழாய் விட்டத்தையும் பொறுத்தது. இன்னொருவர் 1.05 வைத்திருக்கிறார் என்று நீங்களும் வைக்காதீர்கள். நெபுலைசரை மாற்றினால் இந்த வரைபடத்தை மீண்டும் போட வேண்டும்.

தானியங்கி டியூனிங் பற்றி ஒரு சொல். அது கெட்டிக்கார வேலைக்காரன். எதைக் கேட்டாலும் கொண்டுவந்து தரும். எண்ணிக்கையைக் கூட்டு என்று மட்டும் சொன்னால் ஆக்சைடை மறந்துவிட்டுக் கூட்டித் தரும். ஆக்சைடு வரம்பைக் கட்டாய நிபந்தனையாக உள்ளிட்ட பிறகே அதை ஓடவிடுங்கள்.

என் யூரோப்பியக் கதைக்கு விடையும் இங்கேதான் கிடைத்தது. யூரோப்பியத்துக்கு இரண்டே ஐசோடோப்புகள்: 151, 153. பேரியம் 135-ஓடு ஆக்சிஜன் 16 சேர்ந்தால் 151. பேரியம் 137-ஓடு சேர்ந்தால் 153. இரண்டு கதவிலும் பேரியம் ஆக்சைடு நிற்கிறது, தப்பிக்க மூன்றாவது கதவு இல்லை. பாறையில் பேரியம் யூரோப்பியத்தைவிடப் பல நூறு மடங்கு இருக்கும். ஆக்சைடு சிறிது ஏறினாலும் விடை முழுக்கக் கெட்டுவிடும்.

எதிர்த்திசையிலும் பள்ளம் உண்டு. ஆக்சைடுக்குப் பயந்து வாயுவை மிகவும் குறைத்தால் இரட்டை மின்னூட்டம் ஏறும். நியோடிமியம் 150, சமாரியம் 150 இரண்டும் இரட்டை மின்னூட்டம் பெற்றால் 75-இல் ஆர்செனிக்காக வேஷம் போடும். கடோலினியம் 156 செலினியம் 78-இல் வந்து உட்காரும். இவற்றை ஹீலியம் விரட்டாது. மண், பாறை, தாவரச் சாம்பல் மாதிரிகளில் ஆர்செனிக் பார்க்கிறவர்கள் இரண்டாவது விகிதத்தையும் அதே அளவு கவனியுங்கள்.

தெளிப்பு அறையின் வெப்பநிலை இந்த ஆட்டத்தில் மௌனக் கூட்டாளி. 2 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தால் நீராவி குறையும். ஆக்சைடுக்கு வேண்டிய ஆக்சிஜனும் குறையும். ஒரு நாள் காலை காரணமே இல்லாமல் ஆக்சைடு ஏறியிருந்தால் குளிரூட்டி வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

7. மாதிரியெடுக்கும் ஆழம்

பிளாஸ்மாவை எரியவைக்கும் மின்சுருளுக்கும் கூம்பின் நுனிக்கும் இடையிலான தூரம் இது; பொதுவாக 7 முதல் 12 மி.மீ. வரை. தூரத்தைக் கூட்டினால் துளிக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும், ஆக்சைடு குறையும், எண்ணிக்கையும் குறையும். நெபுலைசர் வாயுவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்: அண்ணனை நகர்த்தினால் தம்பியையும் பார்க்க வேண்டும். உப்பு மாதிரிக்குக் கொஞ்சம் தள்ளி, தூய நீருக்குக் கொஞ்சம் நெருங்கி. திரையில் காட்டும் ஆழத்தின் எண் கருவிக்குக் கருவி வேறு புள்ளியிலிருந்து எண்ணப்படலாம். பிறர் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

8. கூம்புகள்: பார்க்கவும், கழுவவும், காசு எண்ணவும்

பிளாஸ்மாவைப் பார்த்து நிற்கும் முதல் கூம்பு சாம்ப்ளர். அதன் துளைக்கு வெளியே வளிமண்டல அழுத்தம். உள்ளே சில மில்லிபார் மட்டும். வாயு ஒலியைவிட வேகமாக உள்ளே பாய்ந்து விரிந்து, நொடிப்பொழுதில் குளிர்கிறது. அதனால் துளை வாசலில் அயனிகளின் கலவை எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே உறைந்து உள்ளே போகிறது. விரியும் தாரை ஓரிடத்தில் அதிர்ச்சி அலையில் முட்டி நிற்கும். அதற்கு மாக் வட்டு என்று பெயர். அதன் தூரத்துக்கு எளிய கணக்கு: துளை விட்டத்தை 0.67-ஆலும், வெளி அழுத்தத்தை உள் அழுத்தத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தாலும் பெருக்க வேண்டும். 1 மி.மீ. துளை, உள்ளே 3 மில்லிபார் என்றால் சுமார் 12 மி.மீ. இரண்டாவது கூம்பான ஸ்கிம்மரின் நுனி இதற்கு முன்னாலேயே நின்று, இன்னும் கலையாத தாரையை வெட்டி எடுக்கிறது.

இந்தக் கணக்கால் புதியவருக்கு என்ன லாபம்? தொடர்பு அறையின் அழுத்தம் கூம்பின் நாடித்துடிப்பு என்பது புரியும். அழுத்தம் வாரம் வாரம் ஏறினால் துளை தேய்ந்து பெரிதாகிறது, இல்லையென்றால் பம்பின் எண்ணெய் கெட்டிருக்கிறது. இறங்கினால் துளை அடைபடுகிறது. கூம்பைக் கழற்றாமலே இவ்வளவும் தெரிந்துவிடும். தினமும் ஒரு எண், ஐந்து நொடி. எழுதுங்கள்.

ஸ்கிம்மரைத் தாண்டியதும் எலக்ட்ரான்கள் பிரிந்துபோகின்றன; நேர் அயனிகள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்குகின்றன. எல்லா அயனிகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வருவதால் கனமானவற்றுக்கு இயக்க ஆற்றல் அதிகம். அவை நேராகப் போகும். லேசானவை ஓரமாகச் சிதறும். மாதிரியில் ஈயமோ யுரேனியமோ குவிந்து கிடந்தால் லித்தியமும் பெரிலியமும் கடுமையாக அடிபடுவது இதனால்தான். இதைப் பிளாஸ்மாவைத் திருகிச் சரிசெய்ய முடியாது. நீர்க்கச் செய்யுங்கள், நிறையில் நெருங்கிய உள்நியமத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு பொறி: இரண்டாம் மின்பொறி. பிளாஸ்மாவுக்கும் கூம்புக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு கூடினால் அங்கே தீப்பொறி பறக்கும். இரட்டை மின்னூட்டம் ஏறும், கூம்பு அரிக்கும். சில கருவிகளில் டார்ச்சைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகக் கவசம் இதைத் தடுக்கிறது. நான் ஒருமுறை டார்ச்சைக் கழுவி மாட்டியபோது அந்தக் கவசத்தின் தொடுமுனை சரியாகப் பொருந்தவில்லை. அன்று முழுவதும் வாயுவைத் திருகிக்கொண்டிருந்தேன். டார்ச் கழற்றிய மறுநாள் இரட்டை மின்னூட்டம் துள்ளினால் வேறெதையும் தொடாமல் கவசத்தைப் பாருங்கள்.

நிக்கலா பிளாட்டினமா? அன்றாட நீர், மண் கரைசல்களுக்கு நிக்கல் போதும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், கரிமக் கரைப்பானோடு ஆக்சிஜன் சேர்ப்பது, கந்தக அமிலம் மிகுந்த மாதிரிகள், நிக்கலையே மிகக் குறைந்த அளவில் அளப்பது ஆகியவற்றுக்குப் பிளாட்டினம். விலை பல மடங்கு. தேய்ந்த பிளாட்டினத்தைத் தூக்கி எறியாதீர்கள். உலோகத்துக்கே மதிப்பு உண்டு.

கழுவும்போது துளையின் விளிம்பில் கம்பியோ ஊசியோ படக்கூடாது. ஒரு கீறல் போதும், தாரை கோணலாகிவிடும். மிதமான சோப்புக் கரைசலில் ஊறவைத்து, மென்பஞ்சால் துடைத்து, தூய நீரில் அலசி, முழுவதும் காயவிடுங்கள். உருப்பெருக்கியில் துளை வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அணைத்த உடனே கையை வைக்காதீர்கள், சூடு ஆறட்டும். மாட்டிய பிறகு உங்கள் மாதிரியைப் போன்ற கரைசலை 20 அல்லது 30 நிமிடம் ஓட்டுங்கள். பளபளக்கும் புதுக் கூம்பில் எண்ணிக்கை நிலையில்லாமல் ஓடும். மெல்லிய படிவு ஏறியபின்தான் அடங்கும். அளவுக்கு மீறிச் சுத்தம் பார்க்கிறவர்கள் தினமும் இந்த அரை மணி நேரத்தை இழக்கிறார்கள்.

9. உப்பு மாதிரிகளை அணுகும் முறை

கரைந்துள்ள திண்மம் 0.2 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே போனால் கூம்பு அடைபடும். அதற்கு முன்பே பிளாஸ்மாவிலும் பிரச்சினை தொடங்கிவிடும்: சோடியம் 5.14 எலக்ட்ரான் வோல்ட்டிலேயே எலக்ட்ரானைக் கொடுத்துவிடுவதால் அந்த எலக்ட்ரான் வெள்ளத்தில் ஆர்செனிக், செலினியம் போன்றவை அயனியாவது குறையும்.

தீர்வு மூன்று: கையால் நீர்க்கச் செய்வது; நெபுலைசர் வாயுவைக் குறைத்து, தெளிப்பு அறைக்குப் பிறகு தனி ஆர்கானைச் சேர்த்துத் துளிமேகத்தை நீர்க்கச் செய்வது; மாதிரி உறிஞ்சும் வேகத்தைக் குறைப்பது. இரண்டாவது என் விருப்பம். கையால் நீர்க்கும்போது வரும் மாசு இதில் இல்லை, உள்ளே போகும் நீரும் குறைவதால் ஆக்சைடு நன்றாக இறங்கும்.

உள்நியமத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிறையை மட்டும் பார்க்காதீர்கள். ஆர்செனிக்குக்கு ஜெர்மானியம் நிறையில் நெருங்கிய சொந்தம். ஆனால் அயனியாக்க ஆற்றல் 7.9. டெல்லூரியம் நிறையில் தூரம், ஆற்றலில் 9.01 என்று நெருங்கி வருகிறது. இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு திசையில் நகர்ந்தால் உங்கள் பிளாஸ்மா இன்னும் போதிய சூட்டில் இல்லை. 200.8 முறை உள்நியமத்துக்கு, தொடக்கத்தில் இருந்த எண்ணிக்கையில் 60 முதல் 125 சதவீதம் வரை இடம் தருகிறது. அது அனுமதிக்கப்பட்ட எல்லை; இலக்காக நினைத்து 62-இல் நிம்மதியாக உட்காராதீர்கள்.

அமிலத்தில் சிதைக்கும் செரிமானம் முழுமையாகாத உணவு, தாவர மாதிரிகளில் மிஞ்சிய கார்பன் இதற்கு நேர்மாறாக ஆர்செனிக்கையும் செலினியத்தையும் கூட்டிக் காட்டும். மீட்பு (தெரிந்த அளவில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பது) 120 சதவீதம் வந்தால் மகிழ வேண்டாம்.

10. குளிர் பிளாஸ்மா, கரிமக் கரைப்பான்

புதியவர்கள் முதல் ஆறு மாதம் இரண்டின் பக்கமும் போகாமலிருப்பது நல்லது. தெரிந்துகொள்ள மட்டும்: மின்திறனை 600 வாட் அளவுக்குக் குறைத்து, வாயுவைக் கூட்டினால் ஆர்கானைச் சார்ந்த அயனிகள் மங்கிவிடும். பொட்டாசியம் 39, கால்சியம் 40, இரும்பு 56 ஆகியவற்றை மிகத் தூய நீரிலும் அமிலத்திலும் அளக்க இது உதவும். அந்தப் பிளாஸ்மா துளி உப்பைக் கூடத் தாங்காது.

கரிமக் கரைப்பான் என்றால் குறுகிய உட்குழாய், இன்னும் குளிர்ந்த தெளிப்பு அறை, கரி படியாமலிருக்கச் சிறிதளவு ஆக்சிஜன், பிளாட்டினக் கூம்பு. ஆக்சிஜன் கொஞ்சமானால் கூம்பு கறுக்கும். அதிகமானால் கூம்பு கரையும்.

11. அணைப்பதற்கு முன்

கடைசி மாதிரி முடிந்ததும் உடனே அணைக்காதீர்கள். நைட்ரிக் அமிலம் ஐந்து நிமிடம், தூய நீர் ஐந்து நிமிடம் ஓடட்டும். அதற்குள் டியூனிங் கரைசலை ஒருமுறை ஓட்டி, ஆக்சைடு விகிதம் காலையில் இருந்ததுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் 1.1, மாலையில் 1.9 என்றால் அன்றைய கடைசி மாதிரிகளை மறுநாள் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும். அதை இப்போதே பதிவேட்டில் எழுதிவிடுங்கள். குழாயை நீரிலிருந்து எடுத்துக் காற்றை இழுக்கவிட்டு, தெளிப்பு அறை வடிந்ததும் பிளாஸ்மாவை அணையுங்கள். பம்ப் குழாய்களின் பிடியைத் தளர்த்துங்கள். இறுக்கிய நிலையில் இரவு முழுவதும் விட்டால் தட்டையாகி, மறுநாள் காலை எண்ணிக்கை துள்ளும். ஆர்கான் மீதியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, நாளைக்குப் போதாது என்றால் அடுத்த சிலிண்டரை இன்றே அருகில் நகர்த்திவைத்துவிட்டு விளக்கை அணையுங்கள்.